இயந்திரத்துக்கும் ஒரு டோக்கன்

டோக்கன் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? சிலருக்கு ரேஷன் கடை, சிலருக்கு ஆஸ்பத்திரி, சிலருக்கு பேங்க் கவுன்ட்டர். எனக்கு வருவது பித்தளை டோக்கன்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவன் நான். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

இப்போது எழுதப் போவது கம்ப்யூட்டர் சமாச்சாரம். "நமக்கு எதற்குப்பா இது?" என்று எழுந்து போய்விடாதீர்கள். பென்ஷன் வாங்குகிற எல்லோருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

முதலில் பித்தளை டோக்கன் கதை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் தகடு. நடுவில் நம்பர் அடித்திருக்கும். மேலே ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை. கேட்டுக்கு வெளியே பலகையில் வரிசையாகத் தொங்கும். காலை ஆறு மணிச் சங்கு ஊதுவதற்குள் ஆள் வந்து தன் டோக்கனை எடுத்து உள்ளே இருக்கிற பெட்டியில் போட வேண்டும். சங்கு ஊதிப் பத்து நிமிஷம் கழித்து நான் பெட்டியைப் பூட்டிவிடுவேன். பெட்டியில் டோக்கன் இருந்தால் ஆள் உள்ளே. பலகையில் தொங்கினால் ஆள் வரவில்லை. மஸ்டர் ரோல், சம்பளம், ஓவர்டைம் எல்லாம் அந்தத் தகட்டை வைத்துத்தான். மூவாயிரம் பேர் முகம் எனக்குத் தெரியாது, நம்பர் தெரியும்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது, ஆணி மாட்டுகிற ஓட்டையைச் சொல்லவில்லை. டோக்கனுக்கு யார் கை தன்னைப் போடுகிறது என்று தெரியாது. யார் போட்டாலும் பெட்டி வாங்கிக்கொள்ளும்.

1983ஆம் வருஷம் ஒரு நாள் காலை ஷிப்டில், ஒரே கை இரண்டு டோக்கன் போட்டதை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். இன்னொரு டோக்கனுக்குரியவரின் மனைவிக்கு ராயபுரத்தில் பிரசவ நேரம். அவர் அங்கே போயிருந்தார். லீவு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது, அரை நாள் சம்பளம் போனால் அந்த மாதம் கஷ்டம். நண்பன் உதவி செய்தான். நானும் மனிதன்தானே, கண்ணை மூடிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு பெயின்ட் ஷாப்பில் தீப்பிடித்தது. எல்லோரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, பெட்டியில் இருந்த டோக்கன்களை வைத்து நம்பர் நம்பராகக் கூப்பிட்டோம். ஒரு நம்பருக்கு மட்டும் பதில் இல்லை. "உள்ளே ஒரு ஆள் மாட்டிக்கிட்டான்" என்று யாரோ கத்தினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். உள்ளே யாரும் இல்லை. திரும்பி வந்தபோது அதில் ஒருவருக்கு முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. ராயபுரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்த நண்பர் கை கடைசிவரை முழுசாக மடங்கவில்லை.

விசாரணையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் கழித்து இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். எழுதக் காரணம் எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் நடந்த ஒரு சங்கதி.

எங்கள் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் இ.பி.எஸ். 95 பென்ஷன்காரர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். மத்திய அரசாங்கப் பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் என்று ஒரு மாதம் இருக்கிறது. எங்களுக்கு அப்படி இல்லை. எந்த நாளில் கொடுத்தோமோ அதிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். சௌகரியம்தான். ஆனால் ஆளுக்கு ஒரு தேதி ஆகிவிட்டதால் மறதியும் ஆளுக்கு ஒன்றாகிவிட்டது.

அதற்காக 2023இல் ஒரு ஏற்பாடு செய்தோம். உறுப்பினர் ஒருவரின் பேரன், கல்லூரி மாணவன், கிட்ஹப்பில் எங்களுக்கு ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தான். கிட்ஹப் என்பது, கிட்லேப் என்பதும் அப்படித்தான், சாஃப்ட்வேர்காரர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேர்த்து வைக்கிற கிடங்கு. ஹார்பர் கிடங்கு மாதிரியே யார் எப்போது எதைக் கொண்டுவந்து வைத்தார், எதை மாற்றினார் என்று கணக்கு இருக்கும். கூலி இல்லாமல் ஒரு இணையப் பக்கத்தையும் அங்கே நடத்தலாம். சங்க ஆபீஸில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்தான் பையன். மாதம் ஒண்ணாம் தேதி அது தானாகவே விழித்து, எங்கள் பட்டியலைப் பார்த்து, அந்த மாதம் யார் யாருக்குச் சர்டிபிகேட் கெடு முடிகிறது என்று பக்கத்தில் போட்டுவிடும். பெயர் போடாமல் பழைய டிக்கெட் நம்பரைப் போடும். ஒவ்வொருவரும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு "என் நம்பர் வந்திருக்கா பாரு" என்பார்கள். அந்த நம்பர்களை மறுபடி பார்க்க எனக்கும் சந்தோஷம்.

இயந்திரம் தானாகப் போய்க் கிடங்கில் எழுத வேண்டுமென்றால் காவல்காரன் கேட்பானே, "நீ யார்?" என்று. அதற்குத்தான் டோக்கன். 2021 ஆகஸ்ட் 13ஆம் தேதியிலிருந்து கிட்ஹப்பில் புரோகிராம்களை ஏற்றி இறக்கப் பாஸ்வேர்டு செல்லாது. அதற்குப் பதில் கம்ப்யூட்டரே உருட்டிக் கொடுக்கிற ஒரு நீளமான எழுத்துக் கோவை வேண்டும். அதன் பெயரே டோக்கன்தான். பேரன் வாங்கியது நாற்பது எழுத்துக் கோவை. பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, சுற்றிச் சுற்றி நம்ம பலகைக்கே வந்துவிட்டோமே என்று.

அந்தப் பையன் நல்ல பையன். ஆனால் அவசரத்தில் மூன்று காரியம் செய்துவிட்டான். டோக்கனைத் தன் சொந்தக் கணக்கில் எடுத்தான். என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்ட இடத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தான். ஒரு வருஷக் கெடு வைத்தான். 2024 தொடக்கத்தில் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டான். ஜூலையில் டோக்கன் செத்தது. கிட்ஹப் முன்கூட்டியே எச்சரிக்கை மெயில் அனுப்பியிருக்கிறது, அவனுடைய பழைய மெயிலுக்கு. அவன் அதைத் திறப்பதே இல்லை.

ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி இயந்திரம் வழக்கம்போல் விழித்து, கேட்டுக்குப் போய், டோக்கன் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் ஜூலை மாதப் பட்டியல் அப்படியே நின்றது.

மோல்டிங் ஷாப்பில் வேலை பார்த்துக் காலமான நண்பர் ஒருவரின் மனைவி, திருவொற்றியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய கெடு ஆகஸ்ட் 20. பேத்தி ஆகஸ்ட் முழுவதும் பக்கத்தைப் பார்த்து "உங்க நம்பர் இல்ல பாட்டி" என்று சொல்லியிருக்கிறாள். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதம் பணம் வரவில்லை. விதவைப் பென்ஷன், ஆயிரத்துச் சொச்சம்தான். 2014இல் குறைந்தபட்சம் ஆயிரம் என்று வைத்தார்கள், அதற்குக் கொஞ்சம் மேலே. பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். அவருக்கு அது சர்க்கரை மாத்திரைக் காசு. மகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வேளை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். காலில் புண் வந்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. சர்டிபிகேட் கொடுத்ததும் நிலுவை வந்துவிட்டது. புண் ஆற மூன்று மாதம் ஆனது.

நவம்பரில் கமிட்டி கூடியது. செயலாளர் கொதித்துப் போயிருந்தார். "அண்ணே, இந்தக் கெடுவால்தானே எல்லாம்? கெடுவே இல்லாத டோக்கன் ஒண்ணு வாங்கிப் போட்ருவோம். நாம செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு என் தம்பி மகளைக் கூட்டி வந்திருந்தேன். ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். அவள் கேட்டாள், "பெரியப்பா, அந்த டோக்கன் இப்ப யார் யார்கிட்ட இருக்கு?"

செயலாளர் பெருமையாகப் போனை எடுத்தார். "பத்திரமா இருக்கும்மா. நான் அப்பவே நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வச்சிட்டேன்."

குரூப்பில் 140 பேர். அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அந்த டோக்கன் உயிரோடு இருந்த ஒரு வருஷமும் 140 பேரில் யார் வேண்டுமானாலும், அவர்கள் போனை எடுத்துப் பார்த்த யார் வேண்டுமானாலும், அந்தப் பேரனாகவே உள்ளே போயிருக்கலாம். எங்கள் பக்கத்தை மட்டுமல்ல, அவனுடைய கல்லூரி வேலை, சொந்த வேலை எல்லாவற்றையும் எடுக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அவனே செய்ததாகத்தான் கணக்கில் விழும். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆள். இயந்திரம் முகம் பார்க்காது.

எனக்கு 1983 ஞாபகம் வந்தது. ஒரு கை, இரண்டு டோக்கன்.

"சின்ன சங்கம்மா, நம்மகிட்ட வந்து யார் திருடப் போறா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு அவள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "மாமா, உங்க பக்கத்துல சந்தேகத்துக்குக் கூப்பிடச் சொல்லி ஒரு போன் நம்பர் போட்டிருக்கீங்க. அதை மட்டும் ஒருத்தன் மாத்திட்டா?" ஹாலில் சத்தமே இல்லை. லைஃப் சர்டிபிகேட் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்கிற போன் நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து வந்தால் வைத்துவிடுகிறோம். நம்ம சங்கப் பக்கத்தில் பார்த்து நாமே கூப்பிட்ட நம்பரில் ஒருத்தன் கேட்டால் சொல்லிவிட மாட்டோமா? (அப்படி ஏமாந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.)

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அந்தச் சமயத்தில்தான் இன்டர்நெட் ஆர்க்கைவ் விவகாரம் நடந்தது. நம்மில் பலர் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடிப் படிக்கிற இடம் அது. 2024 அக்டோபரில் பல நாள் திறக்கவே இல்லை, கவனித்திருப்பீர்கள். 3 கோடியே 10 லட்சம் பேரின் கணக்கு விவரம் போனது. எப்படிப் போனது என்று பார்த்தால், அவர்களுடைய கிட்லேப் கிடங்குக்கான ஒரு டோக்கன் வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஃபைலில் கிடந்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வருஷமாக அப்படிக் கிடந்ததாகச் செய்திகள் வந்தன. அதைவிட வருத்தம், திருட்டு தெரிந்த பிறகும் எல்லா டோக்கனையும் மாற்றவில்லை. மாற்றாமல் விட்ட இன்னொன்றை வைத்து அதே மாதத்தில் மறுபடியும் உள்ளே வந்தார்கள்.

பெரிய கம்பெனிகள் மட்டும் என்ன? 2016இல் ஊபர் கம்பெனியிலிருந்து 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் திருட்டுப் போனது. திருடியவர்கள் கிட்ஹப்பில் பூட்டி வைத்திருந்த புரோகிராமுக்குள் நுழைந்து, அங்கே எழுதியிருந்த சாவியை எடுத்துத்தான் போனார்கள். டொயோட்டாவின் ஒரு சாவி 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரைக்கும் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் கிடந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருஷம் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கூட்டம் முடிந்து நாலு மாதத்தில், 2025 மார்ச்சில் நடந்தது எங்கள் கதைக்கு இன்னும் நெருக்கம். பல்லாயிரம் பேர் நம்பிப் பயன்படுத்திய ஒரு தானியங்கிக் கருவி, டி.ஜே. ஆக்‌ஷன்ஸ் என்று பெயர். அதைப் பராமரித்த இயந்திரக் கணக்கின் டோக்கன் ஒருவன் கைக்குப் போய்விட்டது. அவன் கருவிக்குள்ளேயே விஷத்தை வைத்தான். 23,000க்கும் மேற்பட்ட கிடங்குகள் அந்தக் கருவியை நம்பியிருந்தன. மனிதன் டோக்கன் அல்ல, இயந்திரத்தின் டோக்கன் போய் வந்த வினை.

சரி, கெடு வைத்தால் போதுமா? அதுவும் இல்லை. அதற்கும் கதை இருக்கிறது. 2023 மே மாதம் கிட்லேப் இனிமேல் கெடு இல்லாத டோக்கனே கிடையாது என்று சொல்லி, ஏற்கெனவே கெடு இல்லாமல் இருந்தவற்றுக்கெல்லாம் ஒரு வருஷக் கெடுவை வைத்தது. நல்ல எண்ணம்தான். 2024 மே மாதம் வந்தபோது பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் நின்றன. எந்த டோக்கன் எங்கே எதற்கு ஓடுகிறது என்று வைத்திருந்தவர்களுக்கே தெரியாது. எங்கள் ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி மாதிரிதான்.

ஆக, என் அபிப்பிராயம் இதுதான். கெடு இல்லாத டோக்கன் திருடனுக்குச் சௌகரியம். கெடு மட்டும் உள்ள டோக்கன் ஏழைப் பாட்டிக்கு ஆபத்து. தேதி போடுவது பாதி வேலை, அந்தத் தேதியைத் தன் பொறுப்பாக நினைக்கிற ஒரு ஆள் மீதிப் பாதி. டைம் ஆபீஸில் எங்களுக்கு இது தெரியும். ஆள் ரிட்டயர் ஆனால் டோக்கனை ஒப்படைத்தால்தான் செட்டில்மென்ட். இறந்துபோனால் வீட்டுக்கு ஆள் அனுப்பி வாங்கி வருவோம். ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் ஒரு கோடு. ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்கிறேன் என்று அழுதவர்கள் உண்டு, கொடுக்க மாட்டோம். 2008இல் என்னுடையதை நானே வாங்கிக்கொண்டு நானே சிவப்புக் கோடு போட்டேன். கொடுத்த அன்றைக்கே திரும்ப வாங்கும் வழியையும் யோசித்து வைத்திருந்த ஏற்பாடு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் உட்கார்ந்து, தம்பி மகள் சொல்லச் சொல்ல, நானும் செயலாளருமாகச் செய்ததை எழுதுகிறேன். கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று இப்படிப் பக்கம் நடத்துகிற எல்லோருக்கும் உதவும்.

முதலில் சங்கத்தின் பெயரிலேயே ஒரு மெயில், அதை வைத்துக் கிட்ஹப்பில் ஒரு கணக்கு. தனி ஆளின் கணக்கு வேண்டாம். ஆள் வெளிநாடு போவார், கோபித்துக்கொண்டு போவார், நம் வயதில் ஒரேயடியாகவும் போவார். தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள், 2003இலிருந்து நடக்கிறது. அங்கே தானாக ஓடிக் கட்டுரைகளைத் திருத்துகிற கருவிகளுக்கும் தானியங்கி என்று அடையாளமிட்ட தனிக் கணக்கு உண்டு. மனிதன் செய்தது எது, இயந்திரம் செய்தது எது என்று கணக்கில் தனித்தனியாகத் தெரியும். அது சரியான முறை.

இரண்டாவது, உள்ளே நுழைய இரண்டடுக்குப் பூட்டு. பாஸ்வேர்டு ஒன்று, செயலாளர் போனில் வருகிற எண் ஒன்று. போன் தொலைந்தால் பயன்படுத்தச் சில எண்களை அவர்களே கொடுக்கிறார்கள். அதைக் காகிதத்தில் அச்சடித்துச் சங்க பீரோவில் வைத்துவிட்டோம்.

மூன்றாவது, டோக்கன். பழைய வகை டோக்கன் எடுத்தால் அந்தக் கணக்கில் இருக்கிற எல்லாக் கிடங்குக்கும் போகும். 2022 அக்டோபரில் கிட்ஹப் புதுவகை ஒன்று கொண்டுவந்தது. அதில் எந்தக் கிடங்கு, அங்கே பார்க்க மட்டுமா, எழுதவுமா, எத்தனை நாள் என்று நாமே தீர்மானிக்கலாம். ஹார்பர் பாஸ் மாதிரி. நாங்கள் இரண்டு டோக்கன் எடுத்தோம். உறுப்பினர் பட்டியலைப் பார்க்க மட்டும் ஒன்று, பக்கத்தில் எழுத இன்னொன்று. "எல்லாத்துக்கும் டிக் அடிச்சா ஒண்ணே போதுமேம்மா" என்றார் செயலாளர். "பெயின்டர் வேலைக்கு வந்தவருக்கு பீரோ சாவியும் சேர்த்துக் கொடுப்பீங்களா சித்தப்பா?" என்றாள் அவள். அவர் அப்புறம் பேசவில்லை.

அப்போதே அவள் பட்டியலையும் பார்த்தாள். டிக்கெட் நம்பரோடு போன் நம்பர், பேங்க் கணக்கு நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் இருந்தது. "கெடு பார்க்க பேங்க் நம்பர் எதுக்கு?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டிக்கெட் நம்பர், கடைசியாகச் சர்டிபிகேட் கொடுத்த தேதி, இரண்டை மட்டும் புதுப் பட்டியலாகப் போட்டோம். பழைய கிடங்கை அந்தப் பேரனிடம் சொல்லி முழுசாக அழித்துவிட்டோம். பழைய கணக்கு கிடங்கிலேயே தங்கிவிடும், பட்டியலைத் திருத்தினால் மட்டும் போதாது என்று அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நாலாவது, டோக்கனை வைக்கிற இடம். திரையில் ஒரே ஒரு தடவைதான் காட்டும், மறுபடி பார்க்க முடியாது. செயலாளர் பேனாவை எடுத்தார், தடுத்தோம். அதை எந்தப் புரோகிராமுக்குள்ளும் எழுதாமல், கம்ப்யூட்டரில் ரகசியங்களுக்கென்று இருக்கிற தனி இடத்தில் வைத்தாள். வாட்ஸ்அப், மெயில், டைரி எதுவும் கிடையாது. தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "தொலைஞ்சா நல்லது பெரியப்பா. அதை ரத்து பண்ணிட்டுப் புதுசு எடுக்க ரெண்டு நிமிஷம்" என்றாள்.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. ரெஜிஸ்டர். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி, நானே கட்டம் போட்டேன். டோக்கன் எந்த வேலைக்கு, எந்தக் கிடங்குக்கு, யார் எடுத்தார், என்று சாகும், யார் புதுப்பிக்க வேண்டும், அவர் இல்லையென்றால் அடுத்தவர் யார். டோக்கன் எழுத்துகள் மட்டும் அதில் இருக்காது. கடைசிக் கட்டம் சிவப்புக் கோட்டுக்கு.

கெடு எப்போது வைப்பது என்று பேச்சு வந்தது. மாதக் கணக்கு சொன்னால் மறந்துபோவோம். தொழிலாளிக்கு மறக்காத நாள் இரண்டு, மே தினமும் ஆயுத பூஜையும். டோக்கனுக்கு அந்தந்த நாளுக்கு இரண்டு வாரம் தள்ளிக் கெடு வைத்தோம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு புது டோக்கன் எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்து, பழையதை ரத்து செய்து கோடு போடுவது. ஆயுத பூஜைக்கும் அதே. பூசணிக்காய் உடைத்த கையோடு. 2025 மே தினத்திலும் ஆயுத பூஜையிலும் இரண்டு தடவை செய்தாகிவிட்டது. பத்து நிமிஷ வேலை.

இன்னொன்றும் சேர்த்தோம். ஒண்ணாம் தேதி இயந்திரம் வேலையை முடித்தால் குரூப்பில் "பட்டியல் போட்டாச்சு" என்று ஒருவர் எழுத வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்குள் அது வரவில்லை என்றால் நான் போன் செய்வேன். இயந்திரத்தை நம்பலாம், ஆனால் அது வேலைக்கு வந்ததா என்று ஒருவர் பார்க்க வேண்டும். டைம் கீப்பர் வேலை போகவில்லை, சம்பளம்தான் போயிருக்கிறது.

இதைச் செய்கிற கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் திரையில் இருக்கிற அனுமதிப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். அத்தனையும் இங்கிலீஷ், அத்தனையும் அவர்கள் பாஷை. புரியாதவன் என்ன செய்வான்? எல்லாவற்றிலும் டிக் அடிப்பான். அந்தப் பேரனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வேண்டிய இடத்தில் நாங்கள் இருந்தும் கேட்கவில்லை. "தம்பி, இதுக்கு யார் பொறுப்பு, எப்ப முடியுது?" என்று கேட்கக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

நம் தலைமுறை ஆட்கள் இந்த விஷயங்களில் பேரப்பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "நமக்கு ஒண்ணும் தெரியாது" என்று உட்கார்ந்துவிடுகிறோம். திரையில் எங்கே அமுக்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரியாது. யாரை எவ்வளவு நம்பலாம், எந்தச் சாவியை யாரிடம் கொடுக்கலாம், எப்போது திரும்ப வாங்க வேண்டும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டு வாங்கிச் செய்தவர்கள் நாம்.

போன மாதம் திருவொற்றியூரில் அந்தம்மாவைப் பார்க்கப் போனேன். கால் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. காபி கொடுத்தார். "ஆகஸ்ட்ல என் நம்பர் வந்துச்சுண்ணா, உடனே போய்க் கொடுத்துட்டேன்" என்றார். அது அவருடைய நம்பர் இல்லை, அவர் வீட்டுக்காரருடையது. இருபத்தைந்து வருஷம் அந்த நம்பரை நான் கூப்பிட்டிருக்கிறேன். தீப்பிடித்த அன்றைக்கும் கூப்பிட்டேன். பதில் சொல்ல அவர் அங்கே இல்லை, ராயபுரத்தில் இருந்தார். அன்றைக்குப் பிறந்த மகள்தான் எனக்குக் காபி கலந்தது.

அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.